பிரசவ அறைக்குள் குடும்பம்: டர்பன் லேபர் வார்டிலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள்

லேபர் வார்டுக்குள் உறவினர் ஒருவரை விடலாம் என்று விதி மாறியதோடு வேலை முடிந்தது என்று பல மருத்துவமனைகள் நினைத்துவிடுகின்றன. உள்ளே வந்தவர் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். சுவரோரமாக நிற்பார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் போன். கட்டில் பக்கம் போகலாமா, கூடாதா என்று தெரியாது. சிஸ்டர் வரும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிடுவார். வலி ஏறி அந்தப் பெண் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு மணி நேரம் போனதும், "நான் வெளியிலேயே இருக்கேனே சிஸ்டர்" என்று கிளம்பிவிடுவார். அவரைப் பயந்தவர் என்று சொல்லிப் பயனில்லை. அவருக்கு அங்கே ஒரு வேலையும் யாரும் கொடுக்கவில்லை.

குடும்பத்தை நடுவில் வைத்த பிரசவப் பராமரிப்பு என்று இப்போது பேசப்படுவதில் நாங்கள் இரண்டைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறோம். உடன் வருபவருக்குத் திட்டமான வேலை இருக்க வேண்டும். தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு மருத்துவக் காரணத்தைச் சொல்ல முடிய வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிரசவத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு விதம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் விட்டுச் சென்ற தலைமுறைகள் ஒரு விதம். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கத்துக்காரர்கள். வீட்டில் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது. ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்), தாத்தா, பத்தியம், தீட்டு, திருஷ்டி மட்டும் அப்படியே இருக்கின்றன. இந்த வீடுகளில் ஆள் பஞ்சம் கிடையாது. அம்மா, மாமியார், அத்தை என்று வரிசையாக வந்து நிற்பார்கள், யார் உள்ளே போவது என்பதே பெரிய பேச்சாகிவிடும். இன்னொரு விதம், சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள், கோயில் குருக்கள் குடும்பங்கள். ஊரிலிருந்து அம்மாவுக்கு விசா வருவதற்குள் பிள்ளை வந்துவிடும். உடன் இருப்பது கணவர் ஒருவர்தான், அவருக்குப் பச்சைக் குழந்தையைக் கையில் வாங்கிப் பழக்கமில்லை.

இரண்டாவது விதத்தாருக்கு முதலில் சொல்ல வேண்டியது செலவைப் பற்றி. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாத கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. 1994இல் மண்டேலா அரசு தொடங்கி வைத்தது, 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பணத்துக்குப் பயந்து ஏழாம் மாதம் வரை காத்திருக்கத் தேவையில்லை. 14 வாரத்துக்குள் கிளினிக்கில் பதிவு செய்துவிட வேண்டும். அதன்பின் 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில் என்று மொத்தம் எட்டு முறை. போனில் *134*550# அடித்தால் கர்ப்பிணிகளுக்கான அரசுக் குறுஞ்செய்திச் சேவையான மாம்கனெக்ட்டில் சேரலாம். வாரத்துக்கு ஏற்ற செய்தி வரும். ஆட்சி மொழிகளில்தான் வரும், தமிழில் வராது. 1996 அரசியலமைப்பு போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, ஆனால் லேபர் வார்டின் பேச்சு ஜூலுவும் ஆங்கிலமும்தான்.

இதனால் வரும் ஒரு பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். "இடுப்பு வலி எடுத்திருச்சு" என்று மனைவி சொல்கிறாள். கணவர் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, போனில் "ஹிப் பெயின்" என்கிறார். அந்தப் பக்கம் கேட்பவர் மூட்டு வலி என்று எடுத்துக்கொண்டு, ஒரு பனாடோ (பாராசிட்டமால்) போட்டுக்கொண்டு காலையில் வரச் சொல்கிறார். நமக்கு இடுப்பு வலி என்றாலே பிரசவ வலி. இங்கே "லேபர் பெயின், பத்து நிமிடத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் நாற்பது வினாடி" என்று எண்ணோடு சொல்ல வேண்டும். பனிக்குடம் உடைந்தால் எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, காத்திருக்காமல் வர வேண்டும். முக்கு, முக்காதே, மூச்சு விடு, தலைவலி, ரத்தம், சிறுநீர், வாந்தி, மயக்கம் என்று பத்துப் பன்னிரண்டு சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு அட்டையைக் கர்ப்பப் பதிவேட்டுக்குள் வைத்துவிடுங்கள். தமிழ் தெரியாத மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலி) விரலால் தொட்டுக் காட்ட அது போதும்.

உடனிருப்பவர் என்பது புதிதாக இறக்குமதியான எண்ணமும் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கின் கொரோனேஷன் மருத்துவமனையில் மருத்துவர் ஜஸ்டஸ் ஹாஃப்மெயரும் அவருடன் இருந்தவர்களும் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் பயிற்சி இல்லாத சாதாரணப் பெண்களைத் துணையாக உட்கார வைத்தார்கள். பிரசவ நேரம் குறையவில்லை. ஆனால் துணை இருந்தவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைவாக இருந்தன, "நான் சமாளித்தேன்" என்று சொன்னவர்கள் அதிகம், ஆறு வாரம் கழித்து தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதிகம். இத்தனைக்கும் அந்தத் துணைவர்கள் செய்தது பக்கத்தில் இருந்தது, தொட்டது, பேசியது. இவ்வளவு தெரிந்தும் பல வார்டுகளில் கதவு மூடியே இருந்ததற்குக் கட்டடமே பெரிய காரணம். பழைய அரசு மருத்துவமனைகளில் லேபர் வார்டு ஒரே நீண்ட கூடம். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண் மறைவில்லாமல் படுத்திருக்கும்போது ஆண் ஒருவரை எப்படி விடுவது? அந்தக் கேள்வி நியாயமானது. கட்டிலுக்குக் கட்டில் கூரையிலிருந்து தரை வரை திரை, உடனிருப்பவரின் நாற்காலியைத் திரைக்குள் கட்டில் தலைமாட்டில் சுவரைப் பார்த்துப் போடுவது, திரையை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வருவது என்ற மூன்று ஏற்பாட்டில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. நாற்காலி முக்கியம். உட்கார இடமில்லாதவர் நான்கு மணி நேரம் தாங்க மாட்டார்.

யார் உள்ளே வருவது என்பதை அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் மாமியார் பெயர்தான் வரும். அட்மிஷனின் முதல் பத்து நிமிடம் யாரும் உடன் இருக்கக் கூடாது என்பதை எல்லாருக்கும் பொதுவான விதியாக வைத்தால் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு கேள்விகள்: யார் உடன் இருக்கட்டும்? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், நாட்டு மருந்து உட்பட? வீட்டில் யாராவது அடிக்கிறார்களா? எச்ஐவி பற்றி வீட்டில் யாருக்குத் தெரியும்?

கடைசிக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் அரசு கிளினிக்குகளுக்கு வரும் கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் எச்ஐவியோடு வாழ்கிறார்கள். "நம்ம ஆட்களுக்கு அது இருக்காது" என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி எந்தச் செவிலியும் கேட்காமல் விடக் கூடாது. குடும்பத்தை உள்ளே விட்ட நாளிலிருந்து ரகசியம் கசியும் வழியும் கூடியிருக்கிறது. பதிவேடு கட்டில் காலடியில் திறந்து கிடந்தால் அத்தை எடுத்துப் புரட்டுவார். பிள்ளைக்கு எச்ஐவி தொற்றாமல் இருக்க நெவிரபின் சொட்டு கொடுக்கும்போது மருந்தின் பெயரை உரக்கச் சொன்னால் பக்கத்துக் கட்டிலுக்கும் தெரிந்துவிடும். பதிவேடு மூடி, சிஸ்டர் மேசையில். மருந்து பற்றிய பேச்சு தாயிடம் மட்டும், திரைக்குள், தணிந்த குரலில்.

உடனிருக்கப் போகிறவரைத் தயார் செய்ய 34 அல்லது 36ஆம் வார வருகை சரியான நேரம். ஒரு மணி நேர வகுப்பெல்லாம் வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும். நாங்கள் ஒரு பக்கத்துத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். வலிக்கு இடையில் இரண்டு மூன்று வாய் தண்ணீரோ ஜூஸோ கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க நடத்திக் கூட்டிப் போங்கள். நிரம்பிய மூத்திரப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும், பிறந்த பின் கர்ப்பப்பை சுருங்குவதையும் கெடுக்கும். அரை மணிக்கு ஒருமுறை படுத்திருக்கும் விதத்தை மாற்றுங்கள். மல்லாந்து மட்டும் நீண்ட நேரம் படுக்க விடாதீர்கள். கனத்த கர்ப்பப்பை முதுகெலும்போரம் ஓடும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், தாய்க்குத் தலை சுற்றும், பிள்ளைக்கு ரத்தம் குறையும். நடக்கலாம், குனிந்து கட்டிலைப் பிடித்து நிற்கலாம், நாலு கால் போட்டிருக்கலாம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம்.

முதுகு வலியாக வருகிறவர்களுக்குக் கணவரின் கை நல்ல மருந்து. உள்ளங்கையின் அடிப்பகுதியை, மணிக்கட்டுக்கு மேலே கெட்டியாக இருக்கும் இடத்தை, இடுப்பெலும்பின் நடுவில், புட்டப் பிளவுக்கு நான்கு விரல் மேலே வைக்க வேண்டும். வலி தொடங்கும்போது அழுத்தத் தொடங்கி, உச்சியில் உடம்பின் எடையைக் கையில் இறக்கி, வலி இறங்கும்போது மெல்லத் தளர்த்த வேண்டும். பெரும்பாலான ஆண்கள் தடவுகிறார்கள். தடவினால் எரிச்சல்தான் வரும். "இன்னும் அழுத்துங்க" என்று அவளே சொல்லும் அளவுக்கு அழுத்த வேண்டும். 36ஆம் வாரத்தில் கிளினிக் நாற்காலியில் அவளைத் திருப்பி உட்கார வைத்து ஒருமுறை செய்து பார்த்தால் போதும், அவருடைய கைக்கு இடம் தெரிந்துவிடும்.

செவிலியின் வேலை குறைந்துவிடாது, மாறுகிறது. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு, வலியின் எண்ணிக்கை, நான்கு மணிக்கு ஒருமுறை உள்பரிசோதனை, எல்லாம் பார்ட்டோகிராம் என்ற பிரசவ முன்னேற்ற வரைபடத்தில். எச்சரிக்கைக் கோடும் நடவடிக்கைக் கோடும் கொண்ட அந்த வரைபடத்தை 1972இல் ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) உருவாக்கியவர்களில் ஒருவரான ஹ்யூ ஃபில்பாட் பிறகு டர்பனுக்கு வந்து நட்டால் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்பது எங்கள் வார்டுகளுக்குப் பெருமை. வரைபடத்தை உடனிருப்பவருக்கும் காட்டுங்கள். "இந்தக் கோடு இப்படிப் போனால் நன்றாக இருக்கிறது, இந்தப் பக்கம் சாய்ந்தால் டாக்டரைக் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பது நின்றுவிடும். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கும் வரை வேகம் பிடிக்காமல் போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பிரசவத்தில் 3 செ.மீ.யில் வந்து அட்மிட் ஆனவளைக் குடும்பம் அவசரப்படுத்துவதும், அதைக் கேட்டு வார்டு அவசரப்படுவதும் தேவையில்லாத மருந்துகளில் கொண்டுபோய் விடும்.

கெடுவது எங்கே? பெரும்பாலும் கடைசி அரை மணியில். அறையில் இருக்கும் எல்லாரும் சேர்ந்து "முக்கு, முக்கு" என்று கத்தத் தொடங்குவார்கள். கர்ப்பப்பை வாய் முழுவதும் திறப்பதற்கு முன் முக்கினால் அது வீங்கும்; மூச்சை நீண்ட நேரம் அடக்கி முக்கினால் பிள்ளைக்குப் போகும் பிராணவாயு குறையும். ஒரே குரல்தான் கேட்க வேண்டும், அது மிட்வைஃபின் குரல். அவளுக்குத் தானாகவே முக்க வேண்டும் என்ற உணர்வு வரும்போது, ஐந்தாறு வினாடி, நடுவில் மூச்சு விட்டு. உறவினர் வயிற்றின் மேல்புறத்தை அழுத்த வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அப்படிச் செய்து கர்ப்பப்பை கிழிந்துபோன சம்பவங்கள் உண்டு. கணவருக்கு மயக்கம் வருவதும் உண்டு. அவர் ஏதாவது சாப்பிட்டாரா என்று முன்பே கேளுங்கள். தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி மனைவியின் முகத்தையே பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நிற்பவர்தான் விழுவார்.

பிள்ளை வெளியே வந்ததும் நேராகத் தாயின் வயிற்றில். உலர்ந்த டவலால் முதுகையும் தலையையும் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, ஈரமான அந்த டவலை எடுத்துவிட வேண்டும். ஈரத்துணியோடு விட்டால் நிமிடங்களில் உடம்பு குளிர்ந்துவிடும். இரண்டாவது பிள்ளை உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. நன்றாக அழுது மூச்சு விடும் பிள்ளைக்குத் தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் வரை வெட்ட வேண்டாம். "சீக்கிரம் வெட்டுங்க, ரத்தம் திரும்பிப் போயிடும்" என்று ஆயா பதறுவார். அவர் விரலைப் பிடித்துக் கொடியின் மேல் வைத்துக் காட்டுங்கள். இன்னும் துடிக்கிறது. அந்தத் துடிப்பில் பிள்ளைக்குச் சேரும் ரத்தம் அடுத்த சில மாதங்களுக்கான இரும்புச் சத்து. துடிப்பு அடங்கி, கொடி வெளுத்துத் தளர்ந்த பின் தொப்புளிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை விட்டு ஒரு கிளிப், சற்றுத் தள்ளி இன்னொன்று. அப்பா வெட்டுவதானால் கத்தரிக்கோல் இரண்டு கிளிப்புக்கும் நடுவில், கீழே மிட்வைஃபின் கை, மேலே ஒரு துண்டு காஸ், ரத்தம் தெறிக்காமல் இருக்க. கொடி வழவழவென்று வழுக்கும், உள்ளே ரப்பர் குழாய் போலக் கெட்டியாக இருக்கும். ஒரே வெட்டில் போகவில்லை என்றதும் அவர் கையை இழுத்துக்கொள்வார். இரண்டு மூன்று வெட்டு ஆகும், இதில் இருவருக்கும் வலி கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். எடை, அளவு, குளிப்பாட்டல், போட்டோவுக்குச் சட்டை போடுவது எல்லாம் அதற்குப் பிறகு. பிள்ளை தாயின் நெஞ்சில், துணியில்லாமல், தலையில் தொப்பி, மேலே இருவருக்கும் சேர்த்து உலர்ந்த போர்வை. பிள்ளையின் நிறம், மூச்சு, துடிப்பு போன்றவற்றைப் பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண்ணை 1ஆம் நிமிடத்திலும் 5ஆம் நிமிடத்திலும் அங்கேயே போடலாம். சற்று நேரம் அழுது ஓய்ந்து, கண் திறந்து, கையை வாயில் வைத்துச் சப்பி, காலால் உந்தி மெல்ல மேலே ஊர்ந்து, பல பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே மார்பைப் பிடித்துவிடும். இந்த நேரத்தில் பின்கழுத்தைப் பிடித்து வாயை மார்பில் திணித்தால் பிள்ளை முரண்டு பிடிக்கும். பிறகு அந்த மார்பைக் கண்டாலே அழும். பிள்ளையின் கையில் இருக்கும் பனிக்குட நீரைத் துடைக்க வேண்டாம், அந்த வாசனைதான் அதற்கு வழி காட்டுகிறது. வைட்டமின் கே 1 மி.கி. ஊசியைப் பால் குடிக்கும்போது போட்டால் அழுகை குறைவு.

இங்கே ஒரு அபாயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த முறையைப் பரப்பக் கூடாது. பெத்திடின் என்ற வலி ஊசியின் மயக்கத்திலோ களைப்பிலோ தாய் தூங்கிவிட்டால், குப்புறப் படுத்த பிள்ளையின் மூக்கு அமுங்கிவிடலாம். இதுதான் உடனிருப்பவரின் மிகப் பெரிய வேலை. தாயைச் சற்று நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். பிள்ளையின் முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் தெரிய, கழுத்து மடங்காமல், போர்வை தோளுக்கு மேல் ஏறாமல் இருக்க வேண்டும். "நீங்க போனைப் பார்க்க வேண்டாம், பிள்ளை மூக்கை மட்டும் பாருங்க தம்பி" என்று நேராகச் சொல்லிவிடுவோம். பிள்ளை நீலம் பாய்ந்தாலோ, தொட்டால் அசையாமல் துவண்டாலோ, முனகி மூச்சு விட்டாலோ, சிஸ்டர் வரும் வரை காத்திருக்காமல் கூவ வேண்டும். செவிலி 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிறம், மூச்சு, சூடு பார்க்க வேண்டும், சூடு 36.5க்கும் 37.5க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

அதே பதினைந்து நிமிடச் சுற்றில் ரத்தப்போக்கையும் பார்க்க வேண்டும். துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகத்தான் தோன்றும். தென்னாப்பிரிக்காவும் சேர்ந்த நான்கு நாடுகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு இதற்கு எளிய தீர்வு காட்டியது: பிள்ளை பிறந்ததும் இடுப்புக்குக் கீழே விரிக்கும், அளவுக் கோடு போட்ட பை வைத்த பிளாஸ்டிக் விரிப்பு. ரத்தம் 500 மி.லி. கோட்டைத் தொட்டாலோ, 300ஐத் தாண்டி நாடித்துடிப்போ பிரஷரோ மாறினாலோ, ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்: கர்ப்பப்பையைத் தேய்த்துக் கெட்டியாக்குவது, ஆக்ஸிடோசின், 1 கிராம் டிரானெக்ஸாமிக் அமிலம் நரம்பில் 10 நிமிடத்தில், டிரிப், கிழிசலும் நஞ்சுக்கொடியின் மிச்சமும் இருக்கிறதா என்று பரிசோதனை. கடுமையான ரத்தப்போக்கு தொடர்பான விளைவுகள் அந்த ஆய்வில் 60 சதவீதம் குறைந்தன. இப்படி ஆட்கள் ஓடும்போது குடும்பத்தை வெளியே தள்ளிக் கதவை மூடினால், உள்ளே என்ன நடந்தது என்ற பயம் ஆயுளுக்கும் போகாது. ஒரு செவிலி ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "ரத்தம் கூடப் போகுது, மருந்து குடுக்கறோம், நீங்க பிள்ளையை வாங்கி உங்க நெஞ்சுல வெச்சுக்கோங்க." அப்பாவின் சட்டைப் பித்தானைக் கழற்றி, வெறும் நெஞ்சில் பிள்ளை. அந்த இடத்தில் அவருக்கும் வேலை கிடைத்துவிட்டது, பிள்ளைக்கும் சூடு.

தனியார் மருத்துவமனைகளில் பத்துக்கு ஏழு பிரசவத்துக்கு மேல் சிசேரியன் என்பது இந்த நாட்டின் நிலை. அங்கேயும் பிரிக்க வேண்டியதில்லை. முதுகில் ஊசி போட்ட சிசேரியனில் தாய் விழித்திருப்பார். ஈசிஜி ஸ்டிக்கர்களை நெஞ்சின் நடுவில் ஒட்டாமல் தோளிலும் பக்கவாட்டிலும் ஒட்டுங்கள், கவுனை முன்பக்கம் திறக்கும்படி மாட்டுங்கள், டிரிப்பை எழுதாத கையில் போடுங்கள். இந்த மூன்றையும் தியேட்டருக்குள் போவதற்கு முன்பே செய்ய வேண்டும். போன பிறகு யாருக்கும் நேரமிருக்காது. பிள்ளையை மார்புக்கு மேல் குறுக்காக வைத்துச் சூடான துணி போர்த்தி, பிள்ளைக்கென்றே ஒரு மிட்வைஃப் பக்கத்தில் நிற்க வேண்டும். தியேட்டர் குளிரில் தொப்பி இல்லாமல் வைக்கவே கூடாது.

வார்டுக்கு வந்ததும் ஆயாவின் முறை. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்க வேண்டும், யார் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் வீடுகளில் ஊறிய வழக்கம். தேனில் இருக்கக்கூடிய கிருமி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தசையைச் செயலிழக்கச் செய்யும் நோயைக் கொடுக்கும். சர்க்கரைத் தண்ணீர் பசியை அடக்கிப் பால் குடிப்பதைத் தள்ளிப்போடும். இதை விதியாக அறிவித்தால் ஆயா திரைக்குப் பின்னால் செய்துவிடுவார். அவருக்குரிய மரியாதையைப் பறிக்காமல் பொருளை மட்டும் மாற்றலாம். தாயின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி நெருக்கி, விட வேண்டும். நாலைந்து முறையில் மஞ்சளாகக் கெட்டியாகச் சொட்டும். அந்தச் சீம்பாலைச் சுத்தமான சிறு கரண்டியில் பிடித்து, கை கழுவிய ஆயாவிடம் கொடுங்கள்: "ஆயா, நீங்க தொட்டு வையுங்க." முதல் நாள் பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன்தான் கொள்ளும் என்பதையும் அந்தக் கரண்டியை வைத்தே காட்டிவிடலாம். "பால் வரலை, டின் வாங்குங்க" என்ற பேச்சு அங்கேயே பாதி அடங்கிவிடும்.

பத்தியத்தில் பூண்டு, வெந்தயம், மீன், கீரை எல்லாம் நல்லதே. தண்ணீரைக் குறைப்பது மட்டும் கெடுதல்; மலச்சிக்கலும் மூத்திரக் கடுப்பும் அதனால் வருபவை. சாம்பிராணிப் புகை பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். வசம்பு வாயில் வேண்டாம், மூக்கில் எண்ணெய் விட வேண்டாம், தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ வேண்டாம். திருஷ்டிப் பொட்டைக் கண்ணுக்குள் மை போகாமல் பாதத்தில் வையுங்கள்.

குறைமாதத்திலோ எடை குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு முழுக் குடும்பமும் தேவைப்படும். பிள்ளையை வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கும், 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறையைத் தெற்கு ஆப்பிரிக்காவில் வளர்த்தவர்களில் கேப் டவுன் மோப்ரே மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய நில்ஸ் பெர்க்மன் முக்கியமானவர். பிறந்ததிலிருந்தே தொடங்கி ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் நெஞ்சோடு வைக்க வேண்டும் என்கிறது 2022இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய் ஒருத்தியால் இது முடியாது. அவள் குளிக்கும்போது அப்பா, அவர் வேலைக்குப் போகும்போது பாட்டி என்று முறை போட்டால்தான் முடியும். நீட்டினால் நீளும் துணியால் கட்டி, துணியின் மேல் விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே வர வேண்டும். தவளை போலக் கால் விரிந்து மடிந்திருக்க வேண்டும், வயிற்றின் மேல் இறுக்கக் கூடாது. ஜூலு தாய்மார்கள் டவலால் முதுகில் பிள்ளை கட்டிப் பழகியவர்கள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் கேட்டாலே முடிச்சு போடச் சொல்லிக் கொடுப்பார். நம் வீட்டு மென்மையான பழைய பருத்திப் புடவையும் நன்றாக வரும், ஆனால் அது நீளாது. கட்டிய பின் ஒரு விரல் உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கலில்லாத பிரசவமென்றால் ஆறு மணி நேரத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 3ஆம் நாளிலிருந்து 6ஆம் நாளுக்குள் ஒருமுறை, ஆறாம் வாரம் ஒருமுறை கிளினிக் போக வேண்டும். தீட்டுக் கழியாமல் வெளியே போகக் கூடாது என்று பெரியவர்கள் இந்த முதல் வருகையை நிறுத்திவிடுவதுதான் எங்களை மிகவும் வருத்துவது. பிரஷர் பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பெரும்பாலும் ஏறும். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல் வயிற்று வலி என்றால் தூக்கமில்லை என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். 160/110ஐத் தொட்டால் அடுத்து வலிப்பு வரலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைந்தாலோ, துர்நாற்றத்தோடு காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை பால் குடிக்க எழாமல் கிடந்தாலோ, முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும், ராத்திரியானாலும் சரி. ஆம்புலன்ஸ் எண் 10177, செல்போனிலிருந்து 112. இதைக் கணவர் போனில் மட்டும் வைக்காதீர்கள். ஆயாவின் போனிலும் பதிந்து, ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான்.